பாத்து அண்ணன் வாய் திறக்காத நாள்

கண்ணாடிக் கடைக்காரருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் அவருக்கே மறந்துபோயிருக்கும். எல்லோருக்கும் அவர் பாத்து அண்ணன். காரணம் தெரிய வேண்டுமானால் அவரோடு அரைமணி நேரம் இருந்தால் போதும். படியேறுகிறவரிடம் "பாத்து" என்பார். டீ குடிக்கிறவரிடம் "சூடு, பாத்து" என்பார். தூங்கப் போகிற மச்சினனிடம் "பாத்துத் தூங்குடா" என்று சொன்ன மனிதர் அவர். கெட்ட எண்ணம் துளியும் கிடையாது, எல்லாம் பாசம்தான். ஆனால் பாசம் அளவு மீறினால் பக்கத்தில் இருக்கிறவர்களுக்கு மூச்சு முட்டும். அதை அவரிடம் சொல்லத்தான் யாருக்கும் மனசு வரவில்லை.

பெரிய கண்ணாடியைத் தூக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் முன்னோக்கி நடப்பார், இன்னொருவர் பின்னோக்கி நடப்பார். பின்னோக்கி நடப்பதுதான் கஷ்டமான வேலை. அதில் அவர் மனைவியை அடித்துக்கொள்ள ஆளே கிடையாது. கடைக்கு வருகிற எல்லோருக்கும் அவர் அண்ணி. குதிகாலால் தரையைத் தொட்டுத் தொட்டு, ஆள் உயரக் கண்ணாடியோடு மாடி ஏறிவிடுவார். "அண்ணிக்கு முதுகிலயும் கண்ணு" என்று கடைத்தெருவே சொல்லும். அண்ணிக்கும் அதில் கொஞ்சம் கர்வம் உண்டு. இருக்கட்டுமே, உழைத்துச் சம்பாதித்த கர்வம்தானே.

போன மழைக்காலத்தில் ஒரு மாடிப்படித் திருப்பத்தில் விபத்து நடந்தது. அண்ணியின் குதிகால் அடுத்த படியின் விளிம்பைத் தேடியது. அது தேடும், கண்டுபிடிக்கும், அப்புறம் ஏறும், என்றைக்கும் அப்படித்தான். அன்றைக்கு நம் ஆள் பொறுக்கமாட்டாமல் "பாத்து!" என்று கத்தினார். திடுக்கிட்டு அண்ணி நின்றுவிட்டார். கத்தினவர் நிற்கவில்லை. நடுவில் மாட்டிய கண்ணாடி பாவம் என்ன செய்யும்? உடைந்தது. அண்ணியின் இடது உள்ளங்கையில் தையல் விழுந்தது.

கத்தியது தான்தான் என்று அவருக்குத் தெரியும். அண்ணி அதைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று அவருக்கு இருந்தது. அன்றிலிருந்து மச்சினன்தான் மறுமுனை பிடித்தான். அண்ணி கடையில் உட்கார்ந்து போட்டோ பிரேமுக்குக் கண்ணாடி வெட்டினார்.

"கை ஆறிடுச்சுங்க. நான் வரேன்" என்பார் அண்ணி.

"இன்னும் கொஞ்ச நாள் போகட்டும்" என்பார் இவர்.

அந்தக் கொஞ்ச நாள் ரப்பராக இழுத்துக்கொண்டே போனது. ராத்திரி தூக்கத்தில் அவர் பல்லை நறநறவென்று கடிக்க ஆரம்பித்தார். ஒரு கடைவாய்ப் பல் விரிசல் விட்டது. பல் டாக்டரம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "பல்லை நான் சரி பண்ணிடுறேன். பல்லைக் கடிக்க வைக்கிற மனசுக்கு எங்கிட்ட ஊசி இல்ல. விடியக்காலைல லாண்டரி மாடிக்கு வாங்க, அண்ணியையும் கூட்டிட்டு" என்றார்.

லாண்டரி மாடியில் ஒரு நீளமான ஹால். கீழே இஸ்திரி போடுகிற சூடு மேலே தரையில் இதமாகத் தெரியும். அங்கே டாக்டரம்மா தாய் சி சொல்லிக்கொடுத்தார். காற்றில் கையை மெதுவாக, ஏதோ தண்ணீருக்குள் நிற்பதுபோல அசைக்கிற சீனப் பயிற்சி. பகலில் மிஷினோடு "வாயைத் திறங்க" என்று பயமுறுத்துகிற அம்மா, காலையில் "வாயை மூடுங்க" என்பார். வகுப்பில் பேசக் கூடாது என்பது சட்டம். நம் அண்ணனுக்கு அதைவிடப் பெரிய தண்டனை வேறு என்ன வேண்டும்?

"மூச்சு அடிவயித்துக்குப் போகட்டும். எடை ஒரு கால்ல முழுசா இறங்கட்டும். அப்புறந்தான் அடுத்த கால். உள்ளங்கை ரெண்டுக்கும் நடுவுல ஒரு பந்து இருக்குன்னு நெனச்சுக்குங்க. அமுக்கவும் கூடாது, கீழ விடவும் கூடாது."

பந்தும் இல்லை, பாறாங்கல்லும் இல்லை என்றுதான் முதலில் நினைத்தார். ஒரு நாள் உள்ளங்கையில் வெதுவெதுப்பாக ஊறியபோது, மாரடைப்புதான் என்று முடிவுகட்டி, வகுப்பில் பக்கத்தில் நின்ற லாண்டரிக்காரரைப் பிடித்துக்கொண்டார். "அதுதாங்க பந்து" என்று டாக்டரம்மா சொன்ன பிறகுதான் உயிர் வந்தது. சேவல் நிலை என்று ஒன்று உண்டு. ஒற்றைக் காலில் நிற்க வேண்டும். அதில் அவர் நின்றதாகச் சரித்திரமே இல்லை. ஒவ்வொரு தடவையும் லாண்டரிக்காரர் மேல்தான் விழுவார். அவரும் தன் பங்குக்குத் தள்ளி நின்று பார்த்தார், பலனில்லை.

இருந்தாலும் உடம்பு இளகியது. இறுகியிருந்த கழுத்து திரும்பியது. பல் கடிப்பது நின்றது. காலையில் விசிலடித்துக்கொண்டே கடை திறந்தார்.

தகராறு வந்தது தள்ளி வாங்கும் பயிற்சியில். இரண்டு பேர் எதிரெதிரே நின்று, மணிக்கட்டோடு மணிக்கட்டு வைத்து, ஒருவர் தள்ள, மற்றவர் வாங்கிக்கொண்டு திருப்பித் தர வேண்டும். கண்ணால் பார்க்காமல் தோலால் கேட்க வேண்டும் என்பார் டாக்டரம்மா. லாண்டரிக்காரரோடு அண்ணன் கை வெண்ணெயாக வழுக்கிக்கொண்டு போகும். அண்ணி வந்து நின்றால் மட்டும் கடப்பாரை ஆகிவிடும். அந்தத் தழும்பு கண்ணில் பட்டதும் தோள் இறுகிப்போகும்.

"என்னைத் தாங்காதீங்க. நான் என்ன விழவா போறேன்?" என்று அண்ணி சட்டத்தை மீறிக் கிசுகிசுத்தார்.

ஹாலுக்கு ஒரு சுவர்க் கண்ணாடி வேண்டுமென்று டாக்டரம்மா ஆர்டர் கொடுத்தார். வகுப்பு இருக்கிற காலையிலேயே, முகம் பார்க்கிற பெரிய கண்ணாடியை அண்ணனும் அண்ணியும் மச்சினனும் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். லாண்டரி வாசலில் வண்டி நின்றது. மச்சினன் இறங்கினான். ஒரு தும்மல் போட்டான். அவ்வளவுதான், போட்ட தும்மல் போட்டபடியே பாதி குனிந்து நின்றுவிட்டான்.

"அக்கா, இடுப்பு பிடிச்சுக்கிச்சு!"

அவனைப் பிடித்து லாண்டரி பெஞ்சில் சாய்த்தார்கள். மாடிப்படியில் வகுப்பே நின்று வேடிக்கை பார்த்தது. படியில் நடுவே ஒரு திருப்பம். பாத்து அண்ணன் அதைப் பார்த்தார், வியர்த்தது.

"வண்டியத் திருப்பு. நாளைக்கு ஆள் கூட்டிட்டு வரலாம்."

அண்ணி வண்டியின் முன்பெட்டியைத் திறந்து, தன் பழைய கையுறையை எடுத்து மாட்டினார். இத்தனை மாதமும் அது அங்கேயே இருந்தது அண்ணனுக்குத் தெரியாது. ஒருநாள் கூப்பிடுவார் என்று வைத்திருந்திருக்கிறாள். அவருக்குச் சுருக்கென்றது.

"இதைத் திருப்பிக் கொண்டுபோனா நான் இனிமே கடைக்கு வரல" என்றார் அண்ணி. குரல் உயரவில்லை. "கை அறுந்தது எனக்கு. பயம் மட்டும் ஏன் உங்களுக்கு? என் வேலைய எங்கிட்டருந்து புடுங்கினது கண்ணாடி இல்லீங்க. நீங்க."

அவர் வாயைத் திறந்தார். மேல் படியிலிருந்து டாக்டரம்மா உதட்டில் விரலை வைத்தார். அவர் வாயை மூடிக்கொண்டு, குனிந்து, கீழ்முனையைப் பிடித்தார்.

கண்ணாடி எழும்பியது. அண்ணி பின்னோக்கி முதல் படி ஏறினார். அமுக்கவும் கூடாது, விடவும் கூடாது என்று அண்ணன் தனக்குள் சொல்லிக்கொண்டார். விரலை இறுக்கினால் ஒன்றும் தெரியவில்லை. கொஞ்சம் தளர்த்தினால், அட! அவள் எடை வலது காலுக்கு இறங்குவது கண்ணாடி வழியாக விரலுக்கு வந்து சேர்ந்தது. அவள் மூச்சு விடுவதுகூடத் தெரிந்தது. இத்தனை வருஷம் கத்திக் கத்தியே இதைக் கேட்காமல் விட்டிருக்கிறோமே என்று நினைத்தார்.

திருப்பம் வந்தது. அண்ணியின் குதிகால் விளிம்பைத் தேடியது. தொண்டை வரை ஒரு "பாத்து" வந்து நின்றது. அதை மூச்சோடு சேர்த்து அடிவயிற்றுக்கே திருப்பி அனுப்பினார். குதிகால் தேடியது. தேடட்டும். கண்டுபிடித்தது. அவள் ஏறினாள், இவரும் ஏறினார். கண்ணாடி ஒரு சின்ன முனகல்கூட இல்லாமல் திரும்பியது.

மேல் படிக்கு முன்னால் ஒரு நிமிஷம் இளைப்பாறினார்கள். அப்போதுதான் கண்ணாடிக்குள் இரண்டு பேர் கண்ணும் சந்தித்தன. அண்ணி சிரித்துக்கொண்டிருந்தார், கன்னம் நனைந்திருந்தது. அண்ணனுக்கும் சந்தோஷத்தில் கண்ணீர் கொட்டியது. இரண்டு பேருக்கும் கை காலியில்லாததால் துடைக்க வழியில்லை. அப்படியே தூக்கிக்கொண்டு நடந்தார்கள்.

கண்ணாடி சுவரில் உட்கார்ந்தது. அதற்குள் நீளமான ஹாலும் ஜன்னல் வெளிச்சமும் வகுப்பும் தெரிந்தன. அண்ணன் ஈரத்துணியால் துடைத்துவிட்டு, அழகு பார்க்கப் பின்னால் நகர்ந்தார். நகர்ந்துகொண்டே இருந்தார். பின்னால் தண்ணீர் வாளி இருந்ததை அவர் பார்க்கவில்லை.

"பாத்து!"

கத்தியது ஒருவர் இல்லை. லாண்டரிக்காரர், அண்ணி, டாக்டரம்மா, மாடிப்படியில் தவழ்ந்து வந்த மச்சினன்வரை மொத்த ஹாலும் கத்தியது. அண்ணன் தூக்கிய காலோடு நின்றார். ஆடவில்லை. எடை மறுகாலில் முழுசாக இறங்கியிருந்தது. விழுவார் என்று கை நீட்டிய லாண்டரிக்காரர், நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் விழித்தார்.

"அப்படியே இருங்க! எல்லாரும் பாருங்க, இதுதான் சேவல் நிலை!" என்று டாக்டரம்மா கைதட்டினார்.

ஹாலே சிரித்தது. கண்ணாடிக்குள் ஒற்றைக் காலில் நின்ற ஆளைப் பார்த்து அண்ணனும் சிரித்தார். அண்ணி பக்கத்தில் வந்து கையுறையைக் கழற்றினார்.

"நாளைக்கு அந்தப் பள்ளிக்கூட ஜன்னல் வேலை இருக்கு. மூணாவது மாடி. நான்தான் பின்னாடி நடப்பேன்."

பழக்கதோஷம், அண்ணன் வாய் தானாகத் திறந்தது. எல்லோரும் காத்திருந்தார்கள்.

"சரி" என்றார் அவர், காலை இன்னும் கீழே வைக்காமலே.