எந்தக் கட்டம், சார்?

புதிதாக வந்த தலைமையாசிரியர் குமாரசாமிக்கு என் படக்கதைகள் மேல் அப்படி ஒரு கடுப்பு. "லில்லி டீச்சர், ஏழாம் வகுப்புக்குப் பொம்மைப் படமா? இன்னிக்கு நானே வந்து உட்கார்றேன். பிரயோஜனம் இல்லேன்னா நாளையிலேருந்து நோட்ஸ்தான்" என்றார். நோட்ஸ்! அதை உருப்போட்டுத்தானே என் பிள்ளைகள், ஏன் என்று ஒரு வார்த்தை கேட்டாலே திருதிருவென விழித்தார்கள்? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பிள்ளையார்பாளையத்து நெசவாளர் மகள் சங்கரி வரைந்த படக்கதையைப் பலகையில் ஒட்டினேன். நான்கு கட்டம், வசனமே கிடையாது. முதலில், அப்பா பாயில் படுத்துப் பேப்பர் படிக்கிறார். அடுத்து, துணி போர்த்திய தறி. மூன்றாவதில், அம்மா மதில்மேல் காக்கைக்குச் சோறு வைக்கிறாள். கடைசியில், அப்பாவும் மகளும் இரவில் ஐஸ்கிரீம் சாப்பிட்டபடி நடக்கிறார்கள்.

"அப்பா ஏன் இன்னிக்கு நெய்யல? கட்டத்தைத் தொட்டுக் காட்டிச் சொல்லணும். வரைஞ்சவ வாயைத் திறக்கக் கூடாது."

பின்வரிசையில் இருந்த தலைமையாசிரியர் முந்திக்கொண்டார். "இதுல என்ன இருக்கு? அப்பாவுக்கு ஜுரம்."

"எந்தக் கட்டம், சார்?" என்று கேட்டுவிட்டான் முன்வரிசை விக்ரம்.

இன்றோடு என் படக்கதைக்கு மூடுவிழாதான் என்று நினைத்தேன்.

"படுத்திருக்காரேப்பா!"

"ஜுரத்தோட யாராவது ஐஸ்கிரீம் துன்னுவாங்களா சார்?"

வகுப்பே கொல்லென்று சிரித்தது. ஷாரோன் ஓடிவந்து மூன்றாம் கட்டத்தைத் தொட்டாள். "அமாவாசை சார்! எங்க பக்கத்துத் தெருவுல அன்னிக்கு யாரும் நெய்ய மாட்டாங்க. காக்காவுக்குச் சோறு வெச்சிக்கினு இருக்காங்க பாருங்க."

"எங்க வீட்ல தினமுந்தான் வைக்கிறாங்க" என்றார் தலைமையாசிரியர்.

நியாயமான மறுப்புதான். ஷாரோன் மறுபடி படத்தைத் துழாவினாள். சங்கரி சொல்ல முடியாமல் பெஞ்சில் துடித்தாள்.

"அந்தப் பொண்ணையே கேட்டுடலாமே" என்றார் அவர்.

"கூடாது சார்! படத்துலதான் பாக்கணும்!" வகுப்பே கத்தியது.

விக்ரம் கடைசிக் கட்டத்தில் மூக்கு இடிக்க நின்றான். திடீரென்று குதித்தான். "மிஸ்! வானத்துல நிலாவே இல்ல!"

"மேகம் மறைச்சிருக்கும்."

"இவ்ளோ நட்சத்திரம் இருக்குது சார்!"

பிள்ளைகள் பலகையை மொய்த்துவிட்டார்கள். நானும் சேர்ந்து கூச்சல் போட்டேன், வெட்கமில்லாமல். என்ன சந்தோஷம் அது!

தலைமையாசிரியர் எழுந்து வந்தார். பிள்ளைகள் அவரவர் இடத்துக்கு ஓடினார்கள். அவருடைய விரல் தறி, காக்கை, நட்சத்திரம் என்று ஒவ்வொன்றாகத் தொட்டு, மறுபடி பாய்க்குப் போய் நின்றது.

"ஜுரத்துக்கு ஒரு கட்டமும் இல்ல" என்றார்.

பிறகு முன்வரிசைக்குப் போனார். "தள்ளி உட்காருப்பா விக்ரம். டீச்சர், அடுத்த படத்தை ஒட்டுங்க. இந்தத் தடவை அவசரப்பட மாட்டேன்."