சோப்பு டப்பாவில் ஒரு மதியத் தூக்கம்

கண்ணாடிக் கடையில் லென்ஸைத் தேய்த்து ஃபிரேமில் பொருத்துவது அவள் வேலை. மயிரிழை பிசகினாலும் போட்டுக்கொள்கிறவருக்குத் தலை சுற்றும். அப்படிப்பட்ட கையும் கண்ணும் எட்டு மாதமாகத் தூக்கம் காணாமல் கிடந்தன. காரணம், வீட்டில் பிறந்திருந்த வாட்ச்மேன்.

வாட்ச்மேன் பெண் குழந்தைதான். பிறந்த வாரத்திலேயே, ராத்திரி முழுக்க அது கண்ணை உருட்டி உருட்டி உத்தரத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்ததைக் கண்டு மாமியார் வைத்த பெயர் அது. "சம்பளம் வாங்காம காவல் காக்குது பாரு" என்றார். பகலிலும் கோழித் தூக்கம்தான். யாராவது தும்மினால் எழுந்துவிடும். யாரும் தும்மாவிட்டால், ஏன் தும்மவில்லை என்று எழுந்துவிடும்.

அவள் கணவனுக்கு ரொட்டிக் கடையில் அடுப்படி வேலை. விடியுமுன்னே போய்விடுவான். வீடு திரும்பும்போது காது மடலில்கூட மாவு ஒட்டியிருக்கும். ஸ்கூட்டரில் மூன்று பேரும் ஒரு வாட்ச்மேனும் போக முடியாது என்பது ஒரு மழை நாளில் எல்லோருக்கும் தெரிந்துபோனது. கார் வாங்கலாம் என்று முடிவானது. ஓட்டப்போவது அவள்தான். கல்யாணத்துக்கு முன்பு கண்ணாடிக் கடையின் வேனை அவள்தான் ஓட்டிக்கொண்டிருந்தாள். அவனுக்கோ ஸ்டியரிங்கைத் தொட்டாலே உள்ளங்கை வேர்த்துக் கொட்டும்.

ஓட்டத் தெரியாதவனுக்குத்தான் கார் பற்றிக் கவலை அதிகம். "வாங்குறது ஒரு தடவைதான். ஆனா தினம் தினம் தீனி போடணும்ல?" என்பான். சிக்னலில் நின்றால் பக்கத்துக் காரின் கண்ணாடியைத் தட்டி, "சார், லிட்டருக்கு எவ்வளவு குடுக்குது?" என்று கேட்பான். ஒருவர் பிச்சை கேட்கிறான் என்று நினைத்துச் சில்லறை நீட்டினார். இவன் அசரவில்லை. சில்லறையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, டயர் மாற்ற என்ன செலவாகும் என்றும் கேட்டுக்கொண்டான்.

அவள் கடைக்கு விடுமுறையான ஒரு நாளில், கணவன் அடுப்படியிலிருந்து வந்து சாப்பிட்ட கையோடு, பழைய கார் விற்கும் இடத்துக்கு நான்கு பேரும் போனார்கள். ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் கீழ், கழுவித் துடைத்த கார்கள் பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் நிற்பதுபோலக் கொஞ்சம் கூச்சத்தோடு நின்றன. விற்பனை செய்பவர் இளைஞர். கழுத்தில் தொங்கிய டை அவருடைய அண்ணனுடையதோ என்னவோ, பெல்ட்டைத் தாண்டி இறங்கியிருந்தது. டைக்காரர் என்றே அவரைச் சொல்லலாம்.

முதலில் ஒரு பெரிய கார். உள்ளே ஏறினால் கல்யாண மண்டபம் போல இருந்தது. கிளப்பின கணமே வாட்ச்மேன் ஆரம்பித்தது. பெட்ரோல் பங்க் வரை போய் ரவுண்டானாவைச் சுற்றித் திரும்புவதுதான் சோதனை ஓட்டம். அந்த வழி முழுக்கக் கத்தியது. அழுகைக்கு நடுவே கணவன் லிட்டர் கணக்கைக் கேட்டான். டைக்காரர் சொன்ன பதிலைக் கேட்டு அவன் முகமும் அழுகிற மாதிரி ஆனது. "யானையக் கட்டித் தீனி போடுற மாதிரி இருக்கே!"

இரண்டாவது காருக்குப் பெட்ரோல் செலவு குறைவு. ஆனால் ஒரு பாகம் போனால் அயல்நாட்டிலிருந்து வரவேண்டுமாம். அதிலும் கச்சேரி குறையவில்லை.

மூன்றாவதாக மூலையில் நின்றது ஒன்று. வெளுத்த பச்சை. சின்ன டயர், சின்ன மூக்கு, உருண்டையான முதுகு. அவளுக்குப் பார்த்தவுடனே பிடிக்கவில்லை.

"சோப்பு டப்பா மாதிரி இருக்குங்க" என்றாள் கணவனின் காதோரம்.

"சோப்பு டப்பாதான் மேடம்" என்றார் டைக்காரர், காதில் விழுந்துவிட்டது. "ஆனா பெட்ரோல மோந்து பாத்துட்டே ஓடும். தெருமுனை மெக்கானிக்கே ரிப்பேர் பண்ணிடுவாரு."

"அப்ப ஏறுங்க, ஏறுங்க" என்றான் கணவன், ஏற்கெனவே பின்சீட்டில் உட்கார்ந்துகொண்டு.

அவள் ஓட்ட, டைக்காரர் பக்கத்தில் அமர, பின்னால் கணவனும் மாமியாரும், மாமியார் மடியில் வாட்ச்மேனும். தெருவில் இறங்கினார்கள். எஞ்சின் சத்தம் பெரிதாக ஒன்றும் இல்லை. அடுத்த அறையில் யாரோ வேலை செய்துகொண்டே, தனக்குத் தெரியாமல் எதையோ முணுமுணுப்பது போல இருந்தது. சீட்டுகள் தாழ்வு. மேடு பள்ளத்தில் வண்டி குதிக்கவில்லை, லேசாகத் தலையாட்டிவிட்டுப் போனது. பெட்ரோல் பங்க் வந்தது. ரவுண்டானா வந்தது. அப்போதுதான் அவளுக்கு ஏதோ குறைவதாகப் பட்டது. கண்ணாடியில் பார்த்தாள்.

வாட்ச்மேன் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தது.

"திரும்பணும் மேடம். ரூட் இதோட முடியுது" என்றார் டைக்காரர்.

"நிறுத்தாத" என்றான் கணவன், மூச்சுக் காற்றால். "இன்னொரு ரவுண்டு போ."

"சார், மேனேஜர் திட்டுவாரு. வண்டில பெட்ரோலும் அவ்வளவா இல்ல."

"தம்பி, கொஞ்சம் திரும்பிப் பாரேன்" என்றார் மாமியார்.

டைக்காரர் திரும்பிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு முன்பக்கம் திரும்பி டையைத் தளர்த்திக்கொண்டார். "எங்க வீட்லயும் ஒண்ணு இருக்கும்மா. நேத்து விடிய விடிய நான்தான் தூக்கிட்டு நடந்தேன்" என்றார். அப்புறம், "நேராவே போங்க மேடம்" என்றார்.

அவள் நேராகப் போனாள்.

முதலில் விழுந்தவன் கணவன். விடியுமுன்னே எழுந்த உடம்பு, ஜன்னலில் தலை சாய்த்ததும் அடங்கிவிட்டது. "நான் கார்ல தூங்கவே மாட்டேன், எனக்கு மயக்கம் வரும்" என்று வரும்போது சொன்ன மாமியார், அதைச் சொன்ன வாய் மூடாமலே குறட்டை விட ஆரம்பித்தார். டைக்காரர் மரியாதைக்காகக் கொஞ்ச நேரம் போராடினார். "இதுல சர்வீஸ் செலவு கூட..." என்று தொடங்கினார். செலவு எவ்வளவு என்பது கடைசிவரை வெளியே வரவில்லை.

இப்போது விழித்திருந்தது அவள் ஒருத்திதான்.

ஊர் தேய்ந்து வந்தது. மாடி வீடுகள் போய்க் கிடங்குகள், கிடங்குகள் போய் வெட்டவெளி. சிவப்பு விளக்கு தெரிந்தால் தொலைவிலேயே வேகத்தைக் குறைத்து, வண்டி நிற்காமல் உருண்டுகொண்டே இருக்கும்படி பார்த்துக்கொண்டாள். நின்றால் எழுந்துவிடுமே என்ற பயம். ஒரு கட்டத்தில் விளக்குகளே இல்லாமல் போயின. சாலையின் இடப்பக்கம் நீர் வந்தது. ஏரியா, அணையின் தேக்கமா, தெரியவில்லை. அக்கரை தெரியாத நீர். வெயில் மேகத்துக்குள் போனதும் நீருக்கும் வானத்துக்கும் நடுவில் இருந்த கோடு அழிந்தது. தவறான பவர் உள்ள லென்ஸை எடுத்துக் கண்ணில் வைத்தால் உலகம் இப்படித்தான் நனைந்து, மெத்தென்று தெரியும். கடையில் அப்படித் தெரிந்தால் உடனே கழற்றி வைத்துவிடுவாள். இன்று கழற்ற மனமில்லை.

யாரும் அவளை எதுவும் கேட்கவில்லை. பால் எங்கே, துணி காய்ந்ததா, என் சாவியைப் பார்த்தாயா, எதுவும் இல்லை. எல்லோரும் இங்கேயே, கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் இருந்தார்கள். ஆனாலும் அவள் தனியாக இருந்தாள். இப்படி இரண்டும் ஒன்றாக இருக்க முடியும் என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை. "இப்படியே போயிட்டே இருக்கலாம் போல" என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தாள். டைக்காரர் தூக்கத்திலேயே "ஆமா மேடம்" என்றார்.

வளைவு திரும்பியதும் ரயில்வே கேட் மூடிக் கிடந்தது.

நின்றே ஆகவேண்டும். பக்கத்தில் ஒரு லாரி, உள்ளே ரேடியோ அலறிக்கொண்டிருந்தது. பின்னால் ஒரு பைக் வந்து நின்று ஹாரனை அமுக்கியது. லாரிக்காரர் உயரத்திலிருந்து எட்டிப் பார்த்தார். வெளுத்த பச்சைக் காருக்குள் ஒரு பெரியம்மா, ஒரு மாவு படிந்த மனிதன், ஒரு நீளமான டை, ஒரு குழந்தை, எல்லோருக்கும் வாய் திறந்திருந்தது. லாரிக்காரர் ரேடியோவை அணைத்தார். பிறகு பாதி உடம்பை ஜன்னலுக்கு வெளியே விட்டு, பைக்காரரை நோக்கி உதட்டில் விரல் வைத்தார். ஹாரன் நின்றது.

ரயிலை யார் நிறுத்துவது? வந்தது. தடதடவென்று தரை அதிர, ஜன்னல் ஜன்னலாக வெளிச்சமும் நிழலும் காருக்குள் மாறி மாறி ஓடின. கண்ணாடியில் பார்த்தாள். வாட்ச்மேன் விழித்திருந்தது. அழவில்லை. தன் முகத்தின்மேல் ஓடுகிற வெளிச்சத்தை, ஏற்கெனவே தெரிந்த ஒன்றைப் பார்ப்பது போலப் பார்த்தது. பிறகு கண்ணாடி வழியாக அவளைப் பார்த்தது. அந்தப் பார்வையில் கேள்வியே இல்லை. இத்தனை மாதத்தில் இருவரும் ஒருவரையொருவர் இப்படி, எதுவும் வேண்டாமல், பார்த்துக்கொண்டதே இல்லை. கடைசிப் பெட்டி போனது. குழந்தை மெல்லக் கண்ணை மூடிக்கொண்டது.

கேட் திறந்தது. லாரிக்காரர் கையைக் காட்டி அவளை முதலில் போகச் சொன்னார்.

எவ்வளவு தூரம் போனாள் என்று அவளுக்கே தெரியாது. மலையடிவாரம் ஒன்று வந்தது, அங்கே சாலை இரண்டாகப் பிரிந்தது. அந்த இடத்தில்தான் பெட்ரோல் முள் நினைவுக்கு வந்தது. கிளம்பும்போதே அடியில் கிடந்த முள். இப்போதும் கிட்டத்தட்ட அங்கேயேதான் இருந்தது. முள் கெட்டுப்போயிருக்குமோ என்று விரலால் தட்டிப் பார்த்தாள். தட்டியதுதான் தாமதம், மஞ்சள் விளக்கு எரிந்தது. பங்கில் நிறுத்தினால் எஞ்சினை அணைக்கவேண்டும், கதவைத் திறக்கவேண்டும், பேசவேண்டும். மனம் வரவில்லை. வண்டியைத் திருப்பினாள். இறக்கத்தில் காலை எடுத்துவிட்டாள், மேட்டில் இதமாக மிதித்தாள். மஞ்சள் விளக்கு அவளோடு ஊர்வரை வந்தது.

கூரையின் கீழ் விளக்குப் போட்டிருந்தார்கள். மேனேஜர் வாசலிலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். காரைக் கண்டதும் எழுந்து ஓடிவந்தார்.

"என்னய்யா இது? டெஸ்ட் டிரைவா, டூரா? போலீஸுக்குப் போன் போடலாம்னு இருந்தேன்!"

எல்லோரும் ஒரே நேரத்தில் விழித்தார்கள். டைக்காரர் பதறிப்போய்க் கதவுக்குப் பதிலாக டேஷ்போர்டைத் திறந்தார். மாமியாருக்கு எங்கே இருக்கிறோம் என்று புரியவில்லை, ஆனால் யாரோ கத்துகிறார்கள் என்பது புரிந்தது. "ஏம்ப்பா, குழந்தை தூங்குற எடத்துல இப்படியா கத்துவாங்க? வீட்ல சொல்லிக் குடுக்கலியா?" என்றார். மேனேஜர் டைக்காரர் பக்கம் திரும்பினார்.

"அவர் மேல தப்பில்ல சார்" என்றாள் அவள். "நான்தான் கூட்டிட்டுப் போனேன். இந்த வண்டிய நாங்க எடுத்துக்கறோம்."

கணவன் கண்ணைக் கசக்கினான். "இரும்மா, ஒரு வாரம் யோசிச்சு... மைலேஜ் பாத்தியா?"

"மலையடிவாரம் வரைக்கும் போயிட்டு வந்துட்டேங்க."

"எந்த மலை?"

அவன் முன்பக்கம் குனிந்து கிலோமீட்டர் எண்ணைப் பார்த்தான். முள்ளைப் பார்த்தான். மறுபடி எண்ணைப் பார்த்தான். உதடுகள் மட்டும் அசைந்தன. அப்புறம் காரை விட்டு இறங்கி, அதன் சின்ன மூக்கை ஒருமுறை தடவிக்கொடுத்தான்.

காகிதங்கள் எல்லாம் அவர்கள் பேருக்கு மாறி வந்த அடுத்த விடுமுறையில், அந்த வழியை எங்களுக்கும் காட்டு என்று எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள். இந்த முறை யாரும் தூங்கப்போவதில்லை என்று சபதம் வேறு. தூங்கவும் இல்லை. கணவன் ஜன்னலுக்கு வெளியே கையை விட்டுக் காற்றைப் பிடித்தான். மாமியார் கடைப் பலகைகளை ஒவ்வொன்றாக வாசித்தார். வாட்ச்மேன் அவர் மடியில் நின்று கண்ணாடியை நக்கியது. கார் முழுக்க இரைச்சல். ரயில்வே கேட் வந்தது, திறந்தே கிடந்தது. நீரும் வந்தது. ஆனால் அக்கரை நன்றாகத் தெரிந்தது. அங்கே துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள்.

"இதுதானா?" என்றான் கணவன்.

"இதுதான்னு நினைக்கிறேன்" என்றாள். "அன்னிக்கு இன்னும் பெருசா இருந்துச்சு."

"அழகாத்தான் இருக்கு கண்ணு" என்றார் மாமியார். "நிறுத்து, கொஞ்சம் காலாற நடக்கலாம்."

மரத்தடியில் நிறுத்தினாள். மூவரும் இறங்கினார்கள். அவள் சீட்டைக் கொஞ்சம் பின்னால் சாய்த்து, ஒரு நிமிஷம் என்று சொல்லிக் கண்ணை மூடினாள். திறந்த ஜன்னல் வழியாக நீரின் மேல் வந்த காற்றும், கொஞ்ச தூரத்தில் மகளின் கெக்கலிப்பும் கேட்டன. பிறகு எதுவும் கேட்கவில்லை.

கணவன் இரண்டு தடவை வந்து எட்டிப் பார்த்தான். வெயில் மரத்தைத் தாண்டி அவள் முகத்துக்கு வந்தபோது, தன் சட்டையைக் கழற்றி ஜன்னலில் மாட்டினான்.

"இருட்டுறதுக்குள்ள போகணுமேடா" என்றார் மாமியார். "எழுப்பேன்."

"வண்டி ஓட்டத் தெரிஞ்சவ அவ ஒருத்திதான். அவ எப்ப எழுந்துக்குறாளோ, அப்பதான் வீடு" என்றான். பனியனோடு தரையில் உட்கார்ந்து, குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, நீரைப் பார்க்க ஆரம்பித்தான்.