வெறுமையாக வந்த பக்கம்

ஒரகடத்தில் ஒரு தனியார் மருத்துவமனையின் ரெக்கார்டு பிரிவில் ஜெர்சி வேலை பார்த்தாள். டாக்டர்கள் எழுதாமல் விட்டதை அவர்கள் பின்னாலேயே அலைந்து எழுதி வாங்குவதுதான் அவள் வேலை.

அன்று காலை பத்தரைக்கு வந்த ஃபைலில் ஆபரேஷன் குறிப்புப் பக்கம் வெறுமையாக இருந்தது. பெயர் மட்டும் இருந்தது: இசக்கிபாண்டி, வயது இருபத்தேழு. தொழிற்சாலையில் பிரஸ் மெஷினில் நசுங்கிய அவன் வலது கைக்கு முந்தின நாள்தான் டாக்டர் ரகுபதி ஆபரேஷன் செய்திருந்தார். காலையில் விரல்கள் கறுக்கத் தொடங்கியதும் டியூட்டி டாக்டர் அவனைச் சென்னைக்கு அனுப்பிவிட்டார். ஆம்புலன்ஸ் போய் அரை மணி நேரமாகியிருந்தது.

அவனோடு போன மனைவி முத்துச்செல்வி ஆம்புலன்ஸிலிருந்து போனில் அழுதாள். "எக்கா, செம்பரம்பாக்கம் தாண்டியாச்சு. முதல்ல என்ன செஞ்சாவன்னு தெரியாம எப்படிக் கைய மறுபடி தொறக்கன்னு சென்னை ஆஸ்பத்திரில போன்ல கேக்காவ. அந்தப் பேப்பர எப்படியாச்சும் அனுப்புங்கக்கா."

ரகுபதி போனை எடுக்கவில்லை. ஸ்ரீபெரும்புதூரில் வேறொரு நர்சிங் ஹோமில் அவர் ஆபரேஷனில் இருப்பதாகச் சொன்னார்கள். ஜெர்சி ஃபைலைத் துப்பட்டாவில் சுற்றி மார்போடு கட்டிக்கொண்டு ஸ்கூட்டியை எடுத்தாள். சாலையை டிரெய்லர்கள் அடைத்துக்கொண்டு நின்றன. மண் ஓரத்தில் இறக்கி, ஹாரனை விடாமல் அழுத்தியபடி போனாள். வழியெல்லாம் அந்தக் கறுத்த விரல்கள்தான் கண்ணில் நின்றன.

தியேட்டர் வாசலில் நர்ஸ் மறித்தாள். ஜெர்சி கதவைத் தட்டினாள், பிறகு அடித்தாள். இருபது நிமிடம் கழித்து ரகுபதி ஆபரேஷனை முடித்து மாஸ்க்கோடு வெளியே வந்தார்.

"இங்கயே வந்துட்டியா? வழக்கமா எழுதுறத நீயே எழுதிடும்மா. சாயந்திரம் சைன் போடறேன்."

"இன்னா சார் சொல்றீங்க? அத நம்பித்தானே அங்க கைய தொறப்பாங்க! தப்பா இருந்தா அவரு கை பூடும் சார். எந்த ரத்தக்குழாய ஜாயிண்ட் பண்ணீங்க, எவ்ளோ நேரம் ரத்தத்த நிறுத்தி வச்சீங்க, அது மட்டும் எழுதிக் குடுங்க. உங்க கால்ல விழறேன்."

அவள் நிஜமாகவே குனிந்தாள். அவர் சட்டென்று பின்வாங்கிக் கையுறையைக் கழற்றினார். நாற்காலியில் உட்கார்ந்து எழுதத் தொடங்கினார். இடது காலிலிருந்து எடுத்த ரத்தக்குழாய், மணிக்கட்டில் இணைப்பு, கையின் படம். நேரம் எழுதவேண்டிய இடத்தில் பேனா நின்றது.

"நேத்து மூணு கேஸும்மா." என்றார் அவர். "எனக்கு நேரம் ஞாபகமில்ல."

"அப்ப அதயே எழுதுங்க சார். சும்மா ஒரு நேரத்தப் போட்டுறாதீங்க."

அவர் அவளைப் பார்த்தார். பிறகு, 'ரத்த ஓட்டத்தை நிறுத்திய நேரம் குறிக்கப்படவில்லை, எனக்கு நினைவும் இல்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டார். ஜெர்சி அங்கேயே படமெடுத்து முத்துச்செல்விக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். இரண்டு நீல டிக் விழும்வரை திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

மாலை ஆறு மணிக்குப் போன் வந்தது.

"ரெண்டு வெரல எடுத்துட்டாவக்கா. மத்த மூணுலயும் ரத்தம் ஓடுதாம்." என்றாள் முத்துச்செல்வி. "அவரு இன்னும் முழிக்கல. முழிச்சா நான் என்ன சொல்ல?"

 ஜெர்சி போனை வைக்காமல், அந்தப் பெண் அழுது முடிக்கும்வரை கேட்டுக்கொண்டே நின்றாள்.