பொன்னுமணியின் கையில் காய்த்த பெரணி

போடிநாயக்கனூரில் ஏலக்காய் பொறுக்கும் பொன்னுமணிக்கு, முப்பத்தொன்பதாவது வயதில், இடது முன்கையின் உள்பக்கம் பெரணி இலைக்கு அடியில் இருப்பது போன்ற பழுப்புப் பொட்டுகள் இரண்டு வரிசையாகக் காய்த்தன. வலி இல்லை, அரிப்பும் இல்லை. ஆஸ்பத்திரியில் களிம்பு கொடுத்து அனுப்பினார்கள். கல்லூரியில் தாவரவியல் படிக்கும் அவள் மகள் முத்துப்பிரியா பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாள். ஒவ்வொரு பொட்டும் குட்டிக் குட்டிப் பைகளின் கொத்து, பைக்கு அறுபத்துநாலு வித்து என்று சொல்லிவிட்டு, மறுநாள் பரீட்சைக்குப் படிக்கப் போய்விட்டாள்.

தை பிறந்து காற்று காய்ந்ததும் தொல்லை ஆரம்பித்தது. ஈரம் வற்ற வற்ற ஒவ்வொரு பையும் கவண் இழுத்தது போலப் பின்னால் வளைந்து, சட்டென்று திரும்பி, உள்ளே இருந்த தூளை எறிந்தது. தூள் விழுந்த ஏலக்காயில் பச்சை மங்கியது. பச்சை மங்கிய காயை ஏலத்தில் ஒருத்தரும் சீந்த மாட்டார்கள். கையில் ஈரத்துணி சுற்றினால் பைகள் சமத்தாக இருந்தன. ஆனால் ஏலக்காய் கிடக்கிற அறையில் ஈரத்துணிக்கு இடமேது? முதலாளி பிரேம்சிங், கை சரியாகும் வரை வர வேண்டாம் என்றார். பதினாறு வருஷம் சன்னலோரம் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு விரலாலேயே ஏழு மில்லிமீட்டர் காயையும் எட்டு மில்லிமீட்டர் காயையும் பிரித்தவள் அவள். அந்த இடம் போய்விடும் என்று நினைத்தபோது எல்லோர் முன்னாலும் அழுதாள்.

பிரேம்சிங்குக்கு மனசு கேட்கவில்லை. ஆனால் ஏலக்காய் வியாபாரிக்கு எந்தக் கோளாறுக்கும் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். "காய வச்சா உதிர்ந்துரும் ஆத்தா. நம்ம காய் ஒலத்துற ஸ்டோர்ல அரைமணி நேரம் உக்காரு, போதும்" என்றார். கூலியாட்களை ஏற்றிப்போகும் சின்ராசுவின் ஜீப்பில் போடிமெட்டுக்கு மேலே இருந்த தோட்டத்துக்கு அவளைக் கூட்டிப்போய், தட்டுத் தட்டாகப் பச்சைக்காய் உலரும் சூட்டறைக்குள் உட்கார வைத்தார்கள். காயை வெளியே எடுத்துவிட வேண்டும் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. பதினோராவது நிமிஷத்தில் கை முழுக்கப் படபடவென்று வெடித்தது. கதவைத் திறந்ததும் பழுப்பு மேகம் ஒன்று வெளியே வந்து, ஸ்டோருக்குப் பின்னால் இருந்த மண்சரிவின் மேல் நிதானமாகப் படுத்தது. உள்ளே முந்நூறு கிலோ காய் மூக்குப்பொடி நிறத்தில் இருந்தது. பிரேம்சிங் டீ குடித்தார். பொன்னுமணியின் கை சுத்தமாகிவிட்டதால், சொன்ன சொல்லுக்காக மறுநாளே அவளை வேலைக்குச் சேர்த்துக்கொண்டார்.

அந்தச் சரிவு மழைக்கு மழை இடிந்து ஸ்டோரின் பின்சுவரைத் தள்ளுவது வழக்கம். ஆனியில் சாரல் விழுந்ததும், நகத்தளவில் இதய வடிவப் பச்சைத் தகடுகள் அதன் மேல் ஒட்டிக்கொண்டன. அவற்றின் மேல் நின்ற தண்ணீரில் என்ன நடந்ததோ, ஐப்பசிக்குள் ஒவ்வொரு தகட்டிலிருந்தும் சுருண்டுகொண்டு ஒரு பெரணி எழுந்தது. வேர் பிடித்த மண் அந்த வருஷம் இடியவில்லை. அடுத்த வருஷமும் இல்லை.

பொன்னுமணியின் கையில் மறுபடி காய்த்தபோது அவள் முழுக்கை ஜாக்கெட் போட்டு மறைத்துக்கொண்டு, பயந்து பயந்துதான் வேலைக்கு வந்தாள். பிரேம்சிங் அவள் பக்கத்தில் வந்து நின்றார்.

"ஏத்தா, இந்த வருசம் எப்ப வெடிக்கும்?"

"தை கடைசி ஆகும் மொதலாளி."

"முன்கூட்டியே சொல்லு. மலைரோட்டுல ஒம்பதாவது வளைவு ரொம்ப இடியுது."

இப்போதெல்லாம் தை கடைசியில் பொன்னுமணிக்கு ஒருநாள் லீவு. ஜீப்பில் சின்ராசுக்குப் பக்கத்துச் சன்னலோரம் அவளுக்குத்தான். தோட்டத்துக்கு வேலைக்குப் போகிறவர்கள் கேட்காமலேயே நகர்ந்து உட்காருகிறார்கள். சரிவு வரும் வளைவுகளில் சின்ராசு வண்டியை மெதுவாக்குகிறான். அவள் கையை வெளியே நீட்டுகிறாள். மறுநாள் காலை எட்டரைக்குத் தன் சன்னலோரத்தில் உட்கார்ந்து, சுத்தமான கையோடு காய் பொறுக்குகிறாள்.