கை தூக்காத போர்

கனடாவில், பார்க்டேலில் இருந்த செலீனின் வீட்டுக்கு அமிர்தநாதர் வந்தபோது, தொலைக்காட்சியில் ஒரு பாலம் முறிந்து ஆற்றுக்குள் கிடந்தது. யூகோஸ்லாவியாவில் குண்டுவீச்சுத் தொடங்கிச் சில வாரங்கள் ஆகியிருந்தன. குண்டுபோடக் கனடாவின் விமானங்களும் போயிருந்தன. செலீன் சத்தத்தை முழுதாகக் குறைத்துவிட்டுத்தான் பார்ப்பாள். குண்டு விழுகிற சத்தத்தை அவளுக்கு யாரும் கேட்கவைக்கத் தேவையில்லை.

அமிர்தநாதர் ஊரில் தபாலதிபராக இருந்தவர். இங்கே நலன்புரிச் சங்கத்தின் தலைவர். ஜெரார்ட் வீதியில் வாங்கிய பொன்னாடையை மேசையில் வைத்தார்.

"தங்கச்சி, சனிக்கிழமை இஞ்சத்தை எம்.பி.யைச் சந்திக்கப் போறம். நீர்தான் இதை அவருக்குப் போடவேணும்."

"நானோ? ஏன் அண்ணை?"

"குண்டிலை பிள்ளையைப் பறிகுடுத்த தாய் போட்டால் அதின்ரை கனம் வேறை. பேப்பர்காரரும் வருகினம்."

"என்னத்துக்காகப் போடுறது?"

"யூகோஸ்லாவியாவிலை துரத்தப்படுற கொசோவோச் சனத்துக்காகக் கனடா எழும்பி நிக்குதெல்லே, அதுக்கு நன்றி. இண்டைக்கு அவைக்குப் போன பிளேன் நாளைக்கு எங்களுக்கும் வராதே?"

"வந்து ஆரின்ரை தலைக்கு மேலை பறக்கும்?"

அமிர்தநாதர் தேத்தண்ணியை ஊதினார். "உமக்கு எப்பவும் உந்தக் குறுக்குக் கேள்விதான்."

"சரி, நேர்க் கேள்வி கேக்கிறன். இஞ்சை இதுக்கு ஆர் ஆர் கை தூக்கினது?"

"இஞ்சை அப்பிடி இல்லை. பிரதமரும் மந்திரிமாரும் முடிவெடுத்தால் சரி. பாராளுமன்றத்திலை கதைச்சவைதான். வாக்கெடுக்கேல்லை."

"வாக்கெடுக்காமலோ குண்டு போடுகினம்?"

"நீர் அதை விடும். மரியதாஸின்ரை விசா பைலை எம்.பி. நினைச்சால் அசைக்கலாம். அதை மட்டும் யோசியும்."

செலீன் பொன்னாடைப் பையை எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டாள். கணவன் மரியதாஸ் கொழும்பில், கொட்டாஞ்சேனை லொட்ஜ் ஒன்றில் விசாவுக்காகக் காத்திருந்தான். ஆட்களை வெளிநாட்டுக்கு அனுப்பும் ஏஜென்சிக்குக் கொடுக்க ஒருவருக்குத்தான் காசு இருந்தது. அவளை அனுப்பிவிட்டு அவன் நின்றுகொண்டான். தமிழரைத் தேடிச் சுற்றிவளைப்பு நடக்கும்போதெல்லாம் பொலிஸ் அவனை ஏற்றிக்கொண்டு போகும். பிறகு விடும். விடப்படாமலே போனவர்களும் அதே லொட்ஜில் இருந்திருக்கிறார்கள். தொலைபேசியில் அவன் மாதம் தவறாமல் சொல்வது ஒன்றுதான்: "இந்த மாசமும் அவசரகாலச் சட்டத்தை நீட்டிப்போட்டாங்கள்." பிறகு, ஆதரித்து வாக்களித்த தமிழ் எம்.பி.மாரின் பெயர்களைப் பேப்பரைப் பார்த்து ஒவ்வொன்றாக வாசிப்பான். வாசிக்கும்போது அவன் குரலில் ஒரு தெம்பு வரும். கோபப்பட ஒரு முகவரி கிடைத்த தெம்பு.

மகள் அனற்றின் சாவுக்கு அந்த முகவரியும் கிடைக்கவில்லை. ஊரை நோக்கி இராணுவம் முன்னேறிய நாட்களில் கோயில்களில் போய் இருக்கும்படி அரசாங்க வானொலியில் சொன்னார்கள். போனார்கள். பிள்ளை தண்ணீர் எடுக்கக் கோயில் வளவுக்கு இறங்கினாள். விமானம் வந்தது. செலீனால் அடையாளம் காண முடிந்தது அந்தச் சட்டையை மட்டும்தான். அவளே தைத்தது.

சனிக்கிழமை, பிளாசா ஒன்றின் மேல்மாடியில் இருந்த எம்.பி.யின் அலுவலகத்துக்குப் போனார்கள். அமிர்தநாதர், சங்கத்தின் செயலாளர் புனிதவதி, செலீன், கமராவோடு பத்திரிகைக்காரர் ஒருவர். எம்.பி. பருத்த, நல்ல சிரிப்புள்ள மனிதர். செலீனின் கையைப் பிடித்து, மகளைப் பற்றி அறிந்து வருந்துவதாகச் சொன்னார். அது பொய்யாக இருக்கவில்லை. அதனால்தான் அவளுக்குக் கேட்கத் துணிவு வந்தது.

"அண்ணை, இவரிட்டைக் கேளுங்கோ. அந்தச் சபையிலை எழும்பி நிண்டு, வாக்கெடுக்காமல் இனி ஒரு குண்டும் போடக்கூடாது எண்டு கேப்பாரோ எண்டு."

அமிர்தநாதர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆங்கிலத்தில், செலீன் கனடாவுக்கு நன்றி சொல்கிறாள், சமாதானத்துக்காகச் செபிக்கிறாள் என்றார். ஹோட்டல் அறைகள் துப்புரவாக்கிப் பழகிய ஆங்கிலம், அவர் மாற்றிச் சொன்னதைப் பிடிக்க அவளுக்குப் போதும்.

"நோ," என்றாள். "நோட் தாங்க்யூ. ஐ ஆஸ்க் வோட்."

"தங்கச்சி, மரியதாஸ்..." அமிர்தநாதர் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தார்.

புனிதவதி கதிரையை முன்னுக்கு இழுத்தாள். "நீங்கள் சொல்லுங்கோ அக்கா, நான் சொல்லுறன்." சொன்னதை அப்படியே மொழிபெயர்த்தாள், ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல்.

எம்.பி. நிமிர்ந்து உட்கார்ந்தார். "சட்டப்படி இது அரசாங்கத்தின் அதிகாரம். சபையில் விவாதம் நடந்தது. அங்கே மக்களை வீடுவீடாகத் துரத்துகிறார்கள். நாங்கள் பார்த்துக்கொண்டிருப்பதா?"

"துரத்தினால் எப்பிடியிருக்கும் எண்டு எனக்குத் தெரியும் ஐயா. பாத்துக்கொண்டிருங்கோ எண்டு நான் சொல்லேல்லை. எங்களையும் காப்பாத்தத்தான் சண்டை எண்டு எங்கடை அரசாங்கமும் ரேடியோவிலை சொன்னது."

"வாக்கெடுத்திருந்தாலும் பெரும்பான்மை ஆதரித்திருக்கும். என்ன வித்தியாசம் வந்திருக்கும்?"

செலீன் பொன்னாடைப் பையை மடிக்கு இழுத்துக்கொண்டாள்.

"எங்கடை நாட்டிலை மாசாமாசம் அவசரகாலச் சட்டத்துக்குக் கை தூக்கிறவை. வாக்கெடுத்தபடியாலை சட்டம் நிண்டுபோகேல்லை. ஆனால் தூக்கினவையின்ரை பேர் எங்களுக்குத் தெரியும். வோட்டுக் கேட்டு வந்தால் மூஞ்சையிலை கதவைச் சாத்தலாம். என்ரை பிள்ளைக்கு மேலை குண்டு போடச் சொன்னது ஆர் எண்டு இண்டைவரைக்கும் எனக்குத் தெரியாது. அங்கை பாலத்திலை ஒரு பிள்ளை செத்திருந்தால், அதின்ரை தாய்க்கு நீங்கள் ஒரு பேராவது சொல்லவேணும். உங்கடை பேராய் இருந்தாலும் பரவாயில்லை."

புனிதவதி முடித்தபோது எம்.பி. சன்னலைப் பார்த்தார். கட்சியோடு பேசிப் பார்ப்பதாகச் சொன்னார். அவளுடைய கணவரின் கோப்பைக் கட்டாயம் விசாரிப்பதாகவும் சொன்னார்.

பத்திரிகைக்காரர் கமராவைத் தூக்கினார். "அக்கா, பொன்னாடையைப் போடுங்கோ, படம் எடுப்பம்."

செலீன் எழுந்தாள். பையைப் பிரிக்கவில்லை. "நீங்கள் எழும்பிக் கேட்டதுக்கு அடுத்த நாள் கொண்டுவந்து போடுறன் ஐயா," என்று சொல்லிவிட்டு அதைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள். புனிதவதி அதையும் மொழிபெயர்த்துவிட்டுத்தான் வந்தாள்.

கார்ப் பார்க்கில் அமிர்தநாதர் அவளை மறித்துக்கொண்டு நின்றார். "புருசனைக் கொண்டுபோய்க் குழியிலை தள்ளிப்போட்டீர். சங்கத்தின்ரை பொன்னாடையையும் தூக்கிக்கொண்டு வாறீர்."

"அதைத் தருவன் அண்ணை."

"புருசனை?"



அன்றிரவே மரியதாஸுக்குத் தொலைபேசியில் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் திட்டுவான் என்று காத்திருந்தாள். அவனோ, "அந்தாள் தன்ரை பேரைச் சொன்னவரோ?" என்று கேட்டான்.

"இல்லை."

"அப்ப கேட்டுக்கொண்டிரும்," என்றான்.

யூனில் குண்டுவீச்சு நின்றது. எந்த வாக்கெடுப்பும் நடக்கவில்லை. எம்.பி. எழுந்து கேட்டதாக எந்தப் பேப்பரிலும் வரவில்லை. யூலையில் மரியதாஸைத் திரும்பவும் ஏற்றிக்கொண்டு போனார்கள். இந்தமுறை லொட்ஜ்காரருக்கு எந்தப் பொலிஸ் நிலையம் என்றே தெரியவில்லை.

திங்கட்கிழமைகளில் வேலைக்குப் போகுமுன் செலீன் எம்.பி.யின் அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுப்பாள். அங்குள்ள செயலாளர் பெண்ணுக்கு அவளுடைய குரல் பழகிவிட்டது. புருசனைத்தான் முதலில் கேட்கவேண்டும் என்று அமிர்தநாதர் எத்தனையோ தரம் சொல்லிவிட்டார். அவளும் அப்படித்தான் கேட்க நினைத்துக்கொண்டு இலக்கங்களை அழுத்துவாள். கணவனைப் பற்றிய பதிலைக் கேட்ட பிறகு வாக்கெடுப்பைப் பற்றிக் கேட்கத் தனக்குக் குரல் இராது என்பது அழுத்தி முடிக்கும்போது தெரிந்துவிடும்.

"சேர் ஆஸ்க் வோட்?"

"இன்னும் இல்லை, மேடம்."

"ஓகே," என்பாள் செலீன். சுவரில் ஒரு கையை ஊன்றிக்கொள்வாள். "நவ் மை ஹஸ்பண்ட்."