வெளியாள்

"செவ்வாய்க்கிழமை மத்தியானம் பழைய மார்க்கெட்டுக்குப் பின்னாடி உனக்கு என்ன வேலை?"

தட்டில் கை வைக்காமலேயே கணவன் கேட்டான். கரண்டியோடு நின்றவள் அதைச் சட்டியிலேயே விட்டாள். மார்க்கெட்டுக்குப் பின்னால் அவளுடைய அக்கா வீடு இருந்தது. 'நம்ம ஆளுங்க' இல்லாத ஒருவனைக் கட்டிக்கொண்டவள் அக்கா. அவள் பேச்சையே இந்த வீட்டில் எடுக்கக் கூடாது என்று இளையவளுக்குக் கல்யாணமான அன்றே சொல்லிவைத்திருந்தார்கள்.

போன மழையில் அக்கா படியில் வழுக்கி விழுந்தாள். அதிலிருந்து இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. அவள் புருஷன் காலையில் வேலைக்குப் போனால் இருட்டிய பிறகுதான் வருவான். நடுவில் யாராவது புரட்டிப் படுக்கவைக்காவிட்டால் முதுகில் புண் வந்துவிடும். ஒருமுறை வந்து, இப்போதுதான் ஆறியிருந்தது. வேலைக்கு நடுவே, சாப்பாட்டு வேளையில் ஓடிப்போய், புரட்டிவிட்டு, நாலு வாய் ஊட்டிவிட்டு, வேர்த்து விறுவிறுத்துத் திரும்பி வந்துகொண்டிருந்தாள் இளையவள்.

"யாரு சொன்னது?"

"உங்க சூப்பர்வைசர்தான். டீக்கடையில வெச்சு, 'வீட்டம்மா தினமும் மார்க்கெட் பக்கம் போறாங்களே, அங்க யாருப்பா?'ன்னு சிரிச்சுக்கிட்டே கேக்குறான். நாலு பேர் முன்னாடி! என் மூஞ்சிய எங்க கொண்டு வெக்கிறது?"

"அவருக்கு எப்படித் தெரியும்?"

"உன் போன்ல எல்லாம் தெரியுதாமே. எந்தத் தெருவுல நிக்கிறேங்கிறது வரைக்கும்."

உள்ளறையிலிருந்து மாமனார் குரல் வந்தது. "இனிமே அந்த வாசல்ல கால் வெச்சா, இந்த வாசல்ல வெக்க வேண்டாம்னு சொல்லிடு."

அவள் வேலை பார்த்தது ஒரு பெரிய சலவை நிலையத்தில். ஆஸ்பத்திரி விரிப்புகளும் ஓட்டல் விரிப்புகளும் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். வருகைப் பதிவுக்கென்று எல்லாருடைய சொந்தப் போனிலும் ஒரு ஆப் ஏற்றியிருந்தார்கள். வந்தது, போனது மட்டும்தான் பதிவாகும் என்று சொல்லியிருந்தான் சூப்பர்வைசர். போனை விட்டுவிட்டு வெளியே போகவும் முடியாது. முகத்தைக் காட்டு என்று அது நடுநடுவே கத்தும். காட்டாவிட்டால் அரை நாள் போச்சு.

மறுநாள் இதைக் கேட்டதும் பக்கத்துத் தொட்டிக்காரி தலையில் அடித்துக்கொண்டாள். வாய் ஓயாத அவளுக்கு 'ரேடியோ' என்று பெயர். "அடிப்பாவி, அப்ப நான் கக்கூஸ்ல எவ்வளவு நேரம் உக்காந்திருக்கேன்னும் அந்தாளுக்குத் தெரியுமா?"

"சிரிக்காதடி. எங்க அக்காவை இன்னிக்கி யாரு புரட்டுவா?"

ரேடியோ ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். பிறகு, "என் போன் மார்க்கெட் பக்கம் போனா எவன் கேப்பான்? நான் போறேன். அந்த ஆப்பை இப்பவே அழிக்காத. முதல்ல சங்கத்து வக்கீலம்மாகிட்ட கேளு" என்றாள்.

சைக்கிள் கடைக்கு மேலே ஒற்றை அறையில் இருந்தார் வக்கீல். அவர் முதலில் கேட்டதும் அதையேதான்.

"அழிச்சிட்டீங்களா?"

"இல்ல மேடம்."

"நல்லதாப் போச்சு. அதுதான் நமக்குச் சாட்சி. அது எதையெல்லாம் பாக்குதுன்னு போன்லயே காட்டும், படம் எடுத்து வெச்சுக்கலாம். இனிமே போன் வழியா என்னைக் கண்காணிக்க எனக்குச் சம்மதம் இல்லைன்னு கம்பெனிக்கு எழுதிக் குடுங்க. இதுவரைக்கும் என்ன எடுத்தீங்க, யாருக்குச் சொன்னீங்கன்னு கேளுங்க. மழுப்புனா தொழிலாளர் ஆபீசுல புகார். நஷ்ட ஈடு கேட்டுக் கோர்ட்டுக்கும் போகலாம். ஆனா அது இழுக்கும்மா, பொய் சொல்ல மாட்டேன்."

"வேலைய விட்டுத் தூக்கிடுவாங்களா?"

"பழிவாங்குனா அதுக்கும் புகார் உண்டு. தூக்க மாட்டாங்கன்னு என்னால சத்தியம் பண்ண முடியாது. ஆனா உங்க சொந்த விஷயத்தை ஒரு வெளியாள்கிட்ட சொன்னாங்க பாருங்க, அங்கதான் வசமா மாட்டியிருக்காங்க."

"வெளியாளா? அவர் என் வீட்டுக்காரர் மேடம்."

"கம்பெனிக்கு அவர் வெளியாள்தாம்மா."

கணவனை அப்படி ஒருவர் சொல்லி அவள் கேட்டதே இல்லை. தப்பாகப் பேசிவிட்டார்களோ என்று கதவுப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

கம்பெனி மழுப்பியது. புகார் போயிற்று. விசாரணையன்று மேனேஜர் சூப்பர்வைசரையும் கூட்டிக்கொண்டு, கட்டுக் காகிதத்தோடு வந்தார். "எல்லாரும் 'சம்மதம்'னு பட்டனை அமுக்கியிருக்காங்க சார். இந்தம்மாவும்தான்."

"நான் அமுக்கலை சார்" என்றாள் அவள். "எங்க கை எப்பவும் ஈரம். சோப்புத் தண்ணி. ஈரக் கையில தொட்டா போன் கேக்காது. அதனால எல்லார் போனையும் வரிசையா மேசையில வெக்கச் சொல்லி, சூப்பர்வைசர் சாரே அமுக்கிட்டாரு."

"ஆமா சார், கல்யாண வீட்டுல சந்தனம் வெக்கிற மாதிரி ஒவ்வொண்ணா தொட்டுக்கிட்டே போனாரு" என்றாள் சாட்சிக்கு வந்திருந்த ரேடியோ.

அதிகாரி சூப்பர்வைசரைப் பார்த்தார்.

"ஒரு உதவிக்குத்தான் சார்..."

எல்லார் போனிலிருந்தும் அந்த ஆப்பை எடுக்கச் சொல்லி உத்தரவு வந்தது. தொழிலாளியின் நடமாட்டத்தை வெளியாட்களுக்குத் தெரிவித்தது குற்றம் என்றும் அதில் இருந்தது. ஆனால் அதற்குள் அக்காவின் முதுகில் பழைய புண் மறுபடி வாய் திறந்திருந்தது. ரேடியோவால் எல்லா நாளும் போக முடியவில்லை.

உத்தரவு வந்த மறுநாளே அவளை ரத்தக்கறை விரிப்புகளுக்கு மாற்றினார்கள். கையுறை கேட்டதற்கு, "சட்டம் தெரிஞ்ச அம்மாவாச்சே, அதையும் சட்டத்துலயே தேடிக்குங்க" என்றான் சூப்பர்வைசர். அன்று மத்தியானம் இடைவேளையும் கொடுக்கவில்லை. வக்கீலுக்குப் போன் போட்டுச் சொன்னாள். "அடுத்த புகாரை எழுதிடலாம், நாளைக்கு வாங்க" என்றார்.

வீட்டுக்கு வந்தால், கணவன் உத்தரவின் நகலைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். முகத்தில் கோபமில்லை.

"நல்ல காரியம்தான் பண்ணியிருக்கே. நம்ம வீட்டுப் பொம்பளைய கண்டவன் எதுக்குப் பாக்கணும்? வெளியாளுக்குச் சொன்னதுதான் தப்புன்னு போட்டிருக்கான். நான் என்ன வெளியாளா? குடும்பத்துக்குன்னே ஒரு ஆப் இருக்காம். போனைக் குடு."

அவள் கொடுத்துவிட்டாள். அவனுக்கே அது ஆச்சரியமாக இருந்தது. அவன் ஏற்றி முடிக்கும்வரை சுவரோரம் நின்றாள். முடிந்ததும் அந்தப் போனை வாங்கி அலமாரியில் வைத்தாள். செருப்பை மாட்டிக்கொண்டாள்.

"எங்க கிளம்பிட்டே?"

"அக்கா வீட்டுக்கு. காலையில இருந்து ஒரே பக்கமாக் கிடக்கா. புரட்டணும்."

"போனா கதவு திறந்திருக்காது" என்றார் மாமனார் உள்ளேயிருந்து.

"கேட்டுச்சு மாமா" என்று சொல்லிவிட்டு அவள் படியிறங்கினாள்.

கணவன் தன் போனைப் பார்த்தான். மனைவி வீட்டில்தான் இருக்கிறாள் என்று அது பச்சைப் புள்ளி வைத்துக் காட்டிக்கொண்டிருந்தது.