பத்தடி நடை

பயிற்சி என்றால் காலையில் கையெழுத்து, பதினொரு மணிக்குப் போண்டா, மாலையில் வருகைச் சான்று. இரண்டாயிரத்து ஐந்தில் திண்டுக்கல் வட்டார வள மையத்துக்கு வந்திருந்த நாற்பது பேருக்கும் அது தெரியும். பள்ளிகளுக்குப் போய் மாற்றுத்திறன் குழந்தைகளுக்குச் சிகிச்சை தருகிறவர்கள் அவர்கள். ஜெயமேரி மட்டும் அன்று சாப்பாட்டைப் பற்றி நினைக்கவில்லை. மற்றவர்களுக்குப் பயிற்சி கொடுக்க மாவட்டத்துக்கு ஒரே ஒரு கருத்தாளரை அன்று தேர்ந்தெடுக்கப் போகிறார்கள். ஏழு வருட உழைப்பு. அந்த இடம் தனக்குத்தான் என்று நம்பியிருந்தாள்.

அதற்காகத்தான் செம்பட்டிப் பக்கத்துப் பள்ளியிலிருந்து ஒன்பது வயது கௌசல்யாவையும் அவள் அம்மா ஒச்சம்மாளையும் அழைத்து வந்திருந்தாள். இரண்டு வருடத்துக்கு முன் எழுந்து நிற்கவே முடியாத பிள்ளை. இப்போது வாக்கரைப் பிடித்துப் பத்தடி நடக்கிறாள். மாதாந்தரப் படிவத்தில் ஒரு கட்டம் விடாமல் ஜெயமேரி நிரப்பியிருந்தாள். 'பள்ளியில் சிரமம்' என்ற கட்டத்தில் இருபத்து நாலு மாதமும் 'இல்லை'.

மதுரையிலிருந்து வந்த பயிற்சியாளர் அறிவுச்செல்வி, நடக்கும் முன் பிள்ளைக்குத் தண்ணீர் நீட்டினார். கௌசல்யா தலையை ஆட்டினாள்.

"வேணாம். வீட்டுக்குப் போய்க் குடிச்சுக்கிறேன்."

"பள்ளிக்கூடத்துல?"

"அங்கயும் குடிக்க மாட்டேன்."

ஒச்சம்மாள் சேலைத் தலைப்பை முறுக்கினாள். "நாந்தேன் குடிக்காதன்னு சொல்லிருக்கேன் மேடம். குடிச்சா ஒண்ணுக்குப் போகணும். கக்கூசுக்குப் படியேத்திவிட ஆளு வேணும். ஆளு கேட்டா, வீட்டுலயே வச்சுக்கிருங்கன்னு சொல்லிப்புட்டா? படிப்பு போயிருமே!"

ஜெயமேரிக்குச் சுருக்கென்றது. மத்தியானமானால் பிள்ளைக்குக் கால் இழுக்கிறது என்று இதே ஒச்சம்மாள் எத்தனை முறை சொல்லியிருக்கிறாள்! தண்ணீர் குடிக்காமல்தான் இழுக்கிறது என்று தெரியாமல், அப்போதெல்லாம் பயிற்சியைத்தான் கூட்டினாள். ஒரு நாளைக்கு நாலு பள்ளி. பத்தரைக்குப் பாயை விரிப்பாள், இடைவேளை மணி அடிப்பதற்குள் அடுத்த பஸ்ஸுக்கு ஓடுவாள். மணி அடித்த பிறகு அந்தப் பிள்ளை என்ன செய்கிறாள் என்று ஒரு நாளாவது இருந்து பார்த்ததில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது.

"அதை அப்புறம் பாத்துக்கலாம்மா. நடக்க வைங்க, போட்டோ எடுக்கணும்" என்றார் தேர்வு செய்ய வந்திருந்த அதிகாரி.

பத்தடி நடக்க வைத்துவிட்டால் கருத்தாளர் பதவி கைக்கு வந்துவிடும். ஜெயமேரி கௌசல்யாவின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

"இப்பப் போகணுமாடா?"

கௌசல்யா அம்மாவைப் பார்த்துவிட்டு, மெல்லத் தலையசைத்தாள்.

"சார், இந்தப் பிள்ளைக்குச் சிரமம் இல்லைன்னு எழுதுனது தப்பு. இத்தனை மாசமும் தப்பாத்தான் எழுதியிருக்கேன்" என்று சொல்லிவிட்டு, வாக்கரைக் கொல்லைப்புறக் கதவு நோக்கித் திருப்பினாள். அதிகாரி முகத்தைச் சுளித்துக்கொண்டு பட்டியலில் அடுத்த பெயரைக் கூப்பிட்டார். யாரும் எழுந்து வரவில்லை. கழிப்பறைக்கு எப்படிக் கூட்டிப் போகிறாள் என்று பார்க்க அறிவுச்செல்வியும் மற்றவர்களும் நோட்டும் பேனாவுமாகப் பின்னால் போய்விட்டார்கள்.

அங்கேயும் இரண்டு படி, பிடித்துக்கொள்ள ஒரு கம்பிகூட இல்லை. படியருகே வந்ததும் கௌசல்யா திரும்பிப் பார்த்தாள்.

"எதுக்கு இம்புட்டுப் பேரு வாரீங்க? எல்லாரும் அங்கிட்டுப் போங்க!"

கூட்டம் அசடு வழியப் பின்வாங்கியது. பிள்ளையை ஒச்சம்மாள் கையில் ஒப்படைத்துவிட்டு, ஜெயமேரியும் தலையைக் குனிந்துகொண்டு நகர்ந்தாள்.

"நீங்க எங்க போறீங்க டீச்சர்? நீங்க வந்து பிடிங்க."